பச்சைத் தேயிலைக்கு ‘வி’ தட்டுங்கள்: சீனப் பின்யின், நெடுநாள் பாவனைக்குப் பிறகு

நுவரெலியா, எல்ல பக்கம் தேயிலைக் கடையோ தங்கும் விடுதியோ நடத்தினால், லேபல், விலைப்பட்டியல் என்று சீனத்தில் நாலு வரி அடிக்க வேண்டி வரும். அதற்கு விண்டோஸில் உள்ள மைக்ரோசொப்ட் பின்யினே போதும். சீன ஒலியை ரோமன் எழுத்தில் அடித்தால் (அந்த முறைக்குப் பெயர்தான் பின்யின்) அது சீன எழுத்தைத் தரும். மழைக்கு இணையம் அறுந்தாலும் ஓடும். மொழிப் பட்டியலில் எளிமையாக்கிய சீனத்தைச் சேர்த்துவிட்டு, விண்டோஸ் விசையோடு ஸ்பேஸைத் தட்டினால் மாறும். ஷிப்டை மட்டும் தட்டினால் சீனத்துக்கும் ஆங்கிலத்துக்கும் போய் வரலாம்.

தமிழை ஒலிப்படி அடித்துப் பழகிய கை இங்கே இடறும். தமிழில் அடித்த ஒலிதான் எழுத்து. சீனத்தில் ஒலியை அடித்த பிறகு எழுத்தைப் பொறுக்க வேண்டும். ‘ச்சா’ என்று தனியே அடித்தால் தேநீரும் வரும், ‘சோதித்துப் பார்’ என்பதும் வரும். ‘ஹொங்ச்சா’ என்று முழுச்சொல்லாக அடித்தால் சரியானது முதலிலேயே நிற்கும். ஸ்பேஸ் தட்டினால் சரி. என்டர் தட்டினால் ரோமன் எழுத்துத்தான் விழும்.

ஹொங்ச்சாவின் நேர்ப்பொருள் சிவப்புத் தேநீர். நம் கறுப்புத் தேயிலைக்குச் சீனப் பெயர் அதுதான். ‘கறுப்பு’ என்று அகராதி பார்த்து ‘ஹெய்ச்சா’ அடித்தால், அது நொதிக்க வைத்த வேறு வகை. லேபலில் எழுத்துப்பிழை இராது, சரக்குத்தான் மாறிவிடும்.

பச்சைத் தேயிலை, அதாவது ‘லுச்சா’, இன்னும் வில்லங்கம். பின்யினில் ‘யூ’வின் மேல் இரண்டு புள்ளி வைத்து எழுதும் அந்த உயிரொலிக்குத் தனி விசை இல்லை, ‘வி’தான் அதற்கு. எல், வி, சி, எச், ஏ என்று அடியுங்கள். ‘வி’க்குப் பதில் ‘யூ’ போட்டால் பாதை, மான், பனித்துளி என்று எழுத்துகள் வரிசையாய் வந்து நிற்கும், பச்சை முன்னுக்கு வராது.

அசை எங்கே பிரிகிறது என்பதும் முக்கியம். ‘ஃபாங்-ஆன்’ திட்டம், ‘ஃபான்-கான்’ வெறுப்பு. ரோமனில் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள். நடுவே ஒற்றை மேற்கோள் குறி போட்டுப் பிரித்தால் குழப்பமில்லை.

நீங்கள் தேர்ந்தெடுத்த எழுத்தைப் பின்யின் நினைவில் வைத்து முன்னுக்குக் கொண்டுவருவது நல்ல வசதிதான். ஆனால் கடையில் நாலுபேர் ஒரே கணினியில் அடித்தால் நாலுபேரின் பிழையையும் அது கற்றுக்கொள்ளும். பட்டியல் கோணலாகப் போனால், அமைப்புகளில் உள்ளீட்டு வரலாற்றை அழித்துவிடுங்கள்.

நோட்பேடில் சேமிக்கும்போது எழுத்துக் குறியாக்கமாக யூடிஎஃப்-8 தேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய குறியாக்கமான ஆன்சியில் சேமித்தால் சீனமும் தமிழும் கேள்விக்குறியாகிவிடும். மூடித் திறந்தால் மீட்கவே முடியாது. யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய தமிழ் விலைப்பட்டியலை முதலில் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே சீனத்தைச் சேருங்கள். விலைகளுக்கிடையே சீனக் காற்புள்ளி விழுந்தால் எக்செல் அதைத் தனித்தனிக் கட்டங்களாகப் பிரிக்காது. கன்ட்ரோலோடு முற்றுப்புள்ளியைத் தட்டி நிறுத்தற்குறியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நுவரெலியாவுக்குச் சீனத்தில் ஆறு எழுத்து, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட விதமாக எழுதுகிறார்கள். ஒன்றைத் தேர்ந்து, ‘பயனர் சொற்றொடர்’ பகுதியில் ‘என்’, ‘ஈ’ என்ற இரண்டெழுத்துக்கு ஏற்றி வையுங்கள். எல்லா லேபலிலும் ஊர்ப்பெயர் ஒரேமாதிரி வரும்.