கசியும் டிஸ்ட்ரிபியூட்டர்: ஓ ரிங் போதுமா, யூனிட்டையே மாற்றணுமா?

கார்புரேட்டர் காலத்து மாருதி ஜென், எஸ்டீம் வண்டிகளில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் கேம்ஷாஃப்ட்டின் முனையில், கியர்பாக்ஸ் பக்கம் உட்கார்ந்திருக்கும். அங்கே கசியும் ஆயில் வழிந்து கியர்பாக்ஸ் மேல் இறங்குவதால், பலர் முதலில் வால்வ் கவர் பேக்கிங்கை மாற்றுகிறார்கள், அல்லது கியர்பாக்ஸைக் கழற்றச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் முன்னால் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைத் திறந்து பாருங்கள். எந்த வழியில் போவது என்பதை அதுதான் சொல்லும்.

கேப்புக்குள் காய்ந்திருந்து, வெளியே மட்டும் ஈரம் என்றால் பழுது ஓ ரிங்கில், அதாவது பாடிக்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் வளையத்தில். எஞ்சின் சூட்டில் ரப்பர் இறுகிப் பிளாஸ்டிக் மாதிரி ஆகியிருக்கும். விலை சில பத்து ரூபாய்தான். பெங்களூர் ஜே.சி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் பழைய ரிங்கைக் காட்டி, அதே அளவில் சூடும் ஆயிலும் தாங்கும் விட்டான் ரகம் கேட்டு வாங்குங்கள். இந்த நிலையில் முழு யூனிட்டை மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கேப்புக்குள்ளேயே ஆயில் என்றால் கதை வேறு. உள்ளே சுற்றும் ஷாஃப்ட்டின் ஆயில் சீல் போயிருக்கிறது. புது சீல் அடிக்கலாம், ஆனால் அந்த சீல் ஏன் போனது? ஷாஃப்ட் முனையில் இருக்கும் ரோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது; புது சீலையும் அந்த ஷாஃப்ட் சீக்கிரமே தின்றுவிடும். ஷாஃப்ட் ஆடினால் ஸ்பார்க் விழும் நேரமும் நிலையில்லாமல் ஆடும்.

அப்போது மிச்சம் இரண்டு வழி. சிவாஜிநகர் குஜிரியில் (பழைய பார்ட்ஸ் சந்தை) பழைய யூனிட், அல்லது கடையில் புதுசு. பழையதை நான் ஒதுக்கமாட்டேன். நல்ல ஒரிஜினல் பாடி கிடைத்தால், பெயர் தெரியாத புது யூனிட்டைவிட அதுவே மேல் என்பது என் கருத்து. வாங்கும் இடத்திலேயே மூன்றைப் பாருங்கள்: ஷாஃப்ட் ஆடக்கூடாது, ரோட்டரைச் சுற்றும் திசையில் லேசாகத் திருப்பி விட்டால் ஸ்பிரிங் இழுத்துத் திரும்ப வரணும், வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்தால் பிடிப்பு நிற்கணும். மூன்றாவதில் தோற்கும் யூனிட்டை எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேக்குவத்தில் இழுபடும் சவ்வான டயாஃபிரம் கிழிந்தால் மைலேஜ் போகும், காரணம் லேசில் பிடிபடாது. வாங்கியது பழசோ புதுசோ, ஓ ரிங் மட்டும் புதுசு.

கழற்றுவதற்கு முன்னால் பாடிக்கும் ஹெட்டுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறி, ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம். மூன்று விதமாக வைக்கிறார்கள். பாயின்ட் (ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்த வண்டிகளில் டெஸ்ட் பல்பை மாட்டி, பாயின்ட் திறக்கும் கணத்தைப் பிடிக்கலாம். எஞ்சினை ஓட்டாமலே ஆரம்ப நிலைக்குக் கொண்டுவர நல்ல வழி. எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரில் திறப்பதற்குப் பாயின்டே இல்லை என்பதால் அது செல்லாது.

இரண்டாவது, காதை வைத்து. நம் மெக்கானிக்குகளில் பலர் பிக்கப் கிடைக்கும் வரை பாடியைத் திருப்பி போல்ட்டை இறுக்கிவிடுவார்கள். அவர்கள் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பெங்களூரில் இந்த முறைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஊர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு, சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைவு. அதனால் அட்வான்ஸ், அதாவது ஸ்பார்க் முன்கூட்டியே விழும் அளவு, கொஞ்சம் கூடினாலும் எஞ்சின் தட்டும் நாக்கிங் சத்தம் கேட்காது. அதே வண்டியைக் குடும்பத்தோடு, லக்கேஜோடு வேலூருக்கு இறக்கி, மே மாத வெயிலில் டாப் கியரில் மிதித்தால் டக் டக் என்று அடிக்கும். அது தொடர்ந்தால் பிஸ்டனுக்கே ஆபத்து. டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், பாடியை 1 டிகிரி திருப்பினால் டைமிங் 2 டிகிரி நகரும். கை அளவில் இது கண்ணுக்கே தெரியாத அசைவு.

அதனால் என் ஓட்டு மூன்றாவதான, ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் மின்னும் டைமிங் லைட்டுக்கு. எஞ்சின் நன்றாகச் சூடாகி, ஐட்லிங் சரியான வேகத்தில் இருக்கணும். மேனுவல் சொன்னால் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைக்கணும். கிளிப்பை முதல் சிலிண்டர் வயரில் மாட்டி, கிராங்க் புல்லி குறியில் வெளிச்சம் அடியுங்கள். மாருதி 800-ல் குறி ஃப்ளைவீலில், ரப்பர் மூடிக்குக் கீழே இருக்கும். எத்தனை டிகிரி என்பதற்கு உங்கள் வண்டியின் மேனுவல் மட்டுமே கணக்கு. குறி நிலையாக நிற்காமல் முன்னும் பின்னும் குதித்தால் முதலில் ஷாஃப்ட் புஷ்ஷைச் சந்தேகியுங்கள். ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்ததும் குறி அட்வான்ஸ் பக்கம் நகரவில்லை என்றால் உள்ளே வேகத்துக்கு ஏற்ப விரிந்து அட்வான்ஸைக் கூட்டும் வெயிட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காது இந்த இரண்டையும் சொல்லாது.

போல்ட்டை இறுக்கும்போது பாடி லேசாக நகரும். இறுக்கிய பிறகு இன்னொரு தடவை லைட் அடித்துப் பார்த்துவிட்டு போனட்டை மூடுங்கள்.