தனித்தா, சேர்ந்தா, கரைந்தா: யாழ்ப்பாணத்துச் சிறு கட்சிகளின் முன்னால் மூன்று வழிகள்

அடுத்த பாராளுமன்றத் தேர்தலை எப்படிச் சந்திப்பது என்று எங்கள் கட்சியின் கிளைக்கூட்டத்தில் கை உயர்த்தி முடிவெடுத்தோம். சொந்தச் சின்னத்தில் தனித்து நிற்பது ஒரு வழி. மற்றத் தமிழ்க் கட்சிகளோடு ஒரே பட்டியலில், ஒரே சின்னத்தில் இறங்குவது இன்னொரு வழி. இனித் தனிக் கட்சியே வேண்டாம், ஆளும் தேசியக் கட்சிக்குள் போய் ஊருக்கு ஏதாவது செய்வோம் என்பது மூன்றாவது. அதைச் சொன்னவர்களில் அநேகமானோர் இளம் பெடியன்கள். நான் ஒரே பட்டியலுக்குக் கை உயர்த்தினேன். ஏன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நிலைமை ஊரறிந்தது. 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களோடு பிரதான எதிர்க்கட்சி. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். போர் முடிந்த பிறகு தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 2010இல் 14, 2015இல் 16, 2020இல் 10. (2004இல் கிடைத்த 22ஐ நான் அளவுகோலாக எடுப்பதில்லை. அன்றைய சூழல் வேறு.) 2024 நவம்பரில் வீட்டுச் சின்னத்தில் நின்ற தமிழரசுக் கட்சிக்கு 8, சங்கில் நின்ற ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணிக்கு 1, சைக்கிளில் நின்ற தமிழ்க் காங்கிரஸுக்கு 1. (இனிக் கட்சிகளைச் சின்னத்தின் பெயராலேயே சொல்கிறேன்.) யாழ். தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் இருந்த 9 ஆசனங்கள் 2015இல் 7 ஆகி, 2024இல் 6 ஆகிவிட்டன.

எண்ணிக்கையைவிடப் பெரிய மாற்றம் பாராளுமன்றத்தின் உள்ளே நடந்திருக்கிறது. 2015இல் ஐக்கிய தேசிய முன்னணிக்குக் கிடைத்தது 106. பெரும்பான்மைக்கு 113 வேண்டும். அந்த இடைவெளிக்குள் கூட்டமைப்பின் 16 பேருக்குப் பெறுமதி இருந்தது. 2018 ஒக்டோபரில் மஹிந்த ராஜபக்ஷ திடீரெனப் பிரதமராக்கப்பட்டபோது அவரால் பெரும்பான்மை காட்ட முடியாமல் போனதில் அவர்களுடைய வாக்குகளுக்குப் பெரிய பங்கு. இன்று 225இல் தேசிய மக்கள் சக்தியிடம் 159 இருக்கிறது. மூன்றில் இரண்டுக்கு 150 போதும். ஆகவே எங்களிடம் 10 பேர் இருந்தாலும் 13 பேர் இருந்தாலும் இந்தப் பாராளுமன்றத்தில் யாரும் பேரம்பேச வரமாட்டார்கள். ஆனால் 159 எப்போதும் 159ஆக இருக்காது. 2020இல் ராஜபக்ஷக்களின் பொதுஜன பெரமுனவான மொட்டுக்கு 145. 2024இல் அதே கட்சிக்கு 3. அடுத்த முறை தராசு சமநிலைக்கு வரும்போது எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதுதான் இப்போது யோசிக்க வேண்டியது.

மூன்றாவது வழியை முதலில் பார்த்துவிடலாம். தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி 2024இல் யாழ். மாவட்டத்தில் 80,830 வாக்குகளோடு முதலிடம் பிடித்தது. தெற்கில் பிறந்த ஒரு கட்சி இங்கே முதலாவதாக வந்தது அதுதான் முதல் தடவை. மாற்றம் வேண்டும் என்று போட்ட சனத்தை நான் குறை சொல்லமாட்டேன். வீதி, வேலைவாய்ப்பு, கடற்றொழில் என்று அரசாங்கத்தின் கதவைத் தட்ட வேண்டிய விடயங்களில் ஆளும் கட்சியின் மூன்று உறுப்பினர்கள் இருப்பது உதவிதான். கட்சிக்குள் இருந்து வேலை வாங்குவது எவ்வளவு சாத்தியம் என்பதில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. அதனால் அதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மாட்டேன். ஆனால் காணி என்று வந்தபோது நடந்ததைக் கண்ணால் கண்டோம். 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானியில் வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்று அறிவித்தல் வந்தது. அகதியாகப் போனவனும் உறுதியைத் தொலைத்தவனும் மூன்று மாதத்தில் எதைக் கொண்டு வருவான்? அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கியவர் 2024 தேர்தலில் தோற்றுப்போன தமிழரசுக் கட்சியின் சுமந்திரன். உள்ளே இருப்பவர்களால் பகிரங்கமாக எதிர்க்க முடியாத இடங்கள் இருக்கின்றன. அந்த இடங்களுக்கென்றே வெளியே ஒரு கட்சி வேண்டும்.

தனித்து நிற்பதற்கு வருகிறேன். உள்ளூராட்சித் தேர்தலுக்கு நானும் தனித்தே நிற்கச் சொல்வேன். அங்கே ஆகக் குறைந்தது இத்தனை வீதம் எடுக்க வேண்டும் என்ற வெட்டுப்புள்ளி இல்லை. வட்டாரத்தில் தோற்றாலும் மொத்த வாக்குக்கு ஏற்ப ஓர் உறுப்பினராவது சபைக்குப் போகலாம். 2025 மே மாதம் யாழ். மாநகர சபையின் 45 ஆசனங்கள் வீட்டுக்கு 13, சைக்கிளுக்கு 12, திசைகாட்டிக்கு 10 என்று பிரிந்தன. டக்ளஸ் தேவானந்தாவின் ஈ.பி.டி.பி. கட்சியான வீணையும் சங்கும் கூட உள்ளே வந்தன. இதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் ஆட்களில் சிலர் "எங்களுக்கு இன்னும் செல்வாக்கு இருக்குத்தானே" என்கிறார்கள். இருக்கிறது. பாராளுமன்றத் தேர்தலில் அது ஆசனமாக மாறாது என்பதுதான் பிரச்சினை. அந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் என் முடிவு முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது.

2024இல் யாழ். மாவட்டத்தில் 6 ஆசனங்களுக்கு 44 பட்டியல்கள், பட்டியலுக்கு 9 பேர் வீதம் 396 வேட்பாளர்கள். செல்லுபடியான வாக்குகள் 325,312. சட்டப்படி முதலில் 5 வீதம் எடுக்காத பட்டியல்கள் எல்லாம் கணக்கிலிருந்து நீக்கப்படும். (தொடக்கத்தில் இது 12.5 வீதமாக இருந்தது. 1988இல் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரப் பிரேமதாசவிடம் பேசி அதை 5 ஆக்கினார். தேர்தலுக்கு முன்பே ஒரு சிறு கட்சி பேரம் பேசி வென்றதற்கு அது நல்ல உதாரணம்.) வெட்டுக்குத் தப்பியவை ஆறே ஆறு: திசைகாட்டி, வீடு, சைக்கிள், 17ஆம் இலக்கச் சுயேச்சைக்குழுவின் ஊசி, சங்கு, வீணை. இந்த ஆறின் மொத்தம் 240,241. மிச்சம் 85,071 வாக்குகள் எந்தக் கணக்குக்கும் வராமல் போயின. முதலிடம் வந்த கட்சி எடுத்ததைவிட அது அதிகம். தமிழ் மக்கள் கூட்டணியின் மானுக்குப் போட்டவை, ஐக்கிய மக்கள் சக்தியின் தொலைபேசிக்குப் போட்டவை, ஊர்ச் செல்வாக்கை நம்பி இறங்கிய சுயேச்சைகளுக்குப் போட்டவை, எங்களுக்குப் போட்டவை எல்லாம் அதற்குள் கிடக்கின்றன.

அடுத்தது போனஸ். கூடிய வாக்கு எடுத்த கட்சிக்கு ஓர் ஆசனம் நேரே போய்விடும். மிச்சம் ஐந்து. 240,241ஐ ஐந்தால் பிரித்தால் ஓர் ஆசனத்தின் விலை 48,048 வாக்கு. திசைகாட்டிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. மற்ற நால்வரும் அந்த விலையைத் தொடவில்லை. மீதி மூன்றும் எஞ்சிய வாக்குகளின் வரிசையில் போகின்றன: திசைகாட்டியின் எச்சம் 32,782, சைக்கிள் 27,986, ஊசி 27,855. சங்கு 22,513 வாக்குகளோடும் வீணை 17,730 வாக்குகளோடும் வெட்டுப்புள்ளியைத் தாண்டியும் வெறுங்கையோடு திரும்பின. 1994 முதல் பாராளுமன்றத்தில் இருந்த டக்ளஸ் தேவானந்தா இப்படித்தான் வெளியே வந்தார். சட்டம் 5 வீதம் என்கிறது. 6 ஆசனங்கள் உள்ள மாவட்டத்தில் நடைமுறையில் எட்டரை வீதம் தேவைப்பட்டது. பழைய 9 ஆசனங்கள் இருந்திருந்தால் இதே வாக்குகளுக்குச் சங்குக்கு ஒன்று கிடைத்திருக்கும். மாவட்டம் சுருங்கச் சுருங்கச் சிறு கட்சியின் தலைக்கு மேலே இருக்கும் கூரை தாழ்ந்துகொண்டே வருகிறது.

இப்போது இதே கணக்கைக் கூட்டாகப் போட்டுப் பாருங்கள். 2023 ஜனவரி வரை வீடும், பின்னர் சங்கில் போட்டியிட்ட கட்சிகளில் முக்கியமானவையான, பழைய ஆயுத இயக்கங்களான ரெலோவும் புளொட்டும் ஒரே கூட்டமைப்பில்தான் இருந்தன. 2024இல் அந்த இரண்டு பட்டியல்களும் ஒன்றாக இருந்திருந்தால் 63,327உம் 22,513உம் சேர்ந்து 85,840. திசைகாட்டியைவிட ஐயாயிரம் அதிகம். போனஸ் இந்தப் பக்கம் வந்திருக்கும். அதே 48,048க்கு ஓர் ஆசனம், எச்சம் 37,792க்கு இன்னோர் ஆசனம், மொத்தம் மூன்று. திசைகாட்டிக்கு இரண்டு, சைக்கிளுக்கு ஒன்று. ஊசி 131 வாக்குகளால் வெளியே. ஒரு வாக்குக்கூட கூடாமல், பட்டியல் ஒன்றானதால் மட்டும் ஒன்று மூன்றாகிறது.

இதில் நான் நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வாக்குகள் அப்படியே கூடாது. சங்குக்குப் போட்டவர்களில் ஒரு பகுதி வீட்டின்மேல் கோபத்தில் போட்டவர்கள். வீட்டுக்குப் போட்டவர்களில் பழைய இயக்கங்களை விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். நூற்றுக்கு ஆறு பேர் விலகினாலே அந்த ஐயாயிரம் காணாமல் போய், போனஸும் போய்விடும். மறுபக்கம், கட்சிகள் பிரிந்து அடிபடுவதைக் கண்டு வாக்களிக்கவே போகாத வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கின்றன. ஒன்றானால் அவர்களில் எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போட வழியில்லை. என் அனுமானம், வருபவர்கள் போகிறவர்களைவிடக் கூட. மாகாண சபைக்கு இந்தக் கணக்கைப் பொருத்த வேண்டாம். 2013இல் ஒரே ஒரு தடவைதான் வட மாகாண சபைத் தேர்தல் நடந்தது, 38இல் 30ஐக் கூட்டமைப்பு எடுத்தது. 2017இல் முறையை மாற்றியதிலிருந்து தேர்தலே இல்லை.

கூட்டுக்கு எதிராக எழும்பிய கேள்விகளில் கனதியானது ஒன்றுதான். வாசிகசாலை மேசையில் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் இந்தப் பிரித்தலை எழுதிக் காட்டிக்கொண்டிருந்தபோது, எழுபதுகளிலிருந்து கட்சி வேலை செய்கிற ஓர் ஐயா தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கணக்கெல்லாம் சரி தம்பி. சின்னம் ஆற்ற?"

சின்னம் யாருடையது என்று அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கூட்டமைப்பு கடைசிவரை ஒரு கட்சியாகப் பதியப்படவில்லை. 2004 முதல் வீட்டுச் சின்னத்தில் நின்றார்கள். வீடு தமிழரசுக் கட்சியின் சொத்து. பதிவு செய்யுங்கள் என்று மற்றக் கட்சிகள் கேட்டுக்கொண்டே இருந்தன, நடக்கவில்லை. ஆகவே யார் வேட்பாளர், நாடளாவிய வாக்குக்கு ஏற்பக் கிடைக்கும் தேசியப் பட்டியல் ஆசனம் யாருக்கு என்ற கேள்விகளில் கடைசிச் சொல் ஒரே இடத்தில் இருந்தது. பட்டியலுக்குள்ளும், வேட்பாளர்களுக்குத் தனித்தனியே போடும் விருப்பு வாக்குக்கான போட்டி சிறியவனைத்தான் முதலில் தள்ளும்: 2015இல் கூட்டமைப்பு யாழ்ப்பாணத்தில் ஐந்து ஆசனங்களை வென்றபோதும் ஈ.பி.ஆர்.எல்.எவ். சுரேஷ் பிரேமச்சந்திரன் தோற்றார். அதே பட்டியலில் புளொட் சித்தார்த்தன் வென்றார், 2020இலும் வென்றார் என்பதையும் சொல்ல வேண்டும். சிறு கட்சிக்கு அங்கே இடமே இல்லை என்று சொல்ல முடியாது. தனித்து நின்றிருந்தால் அவருக்கு அந்த இரண்டு தவணைகளும் கிடைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

அதனால் கூட்டு என்றால் வெறும் மேடைக் கூட்டுக்கு நான் கை உயர்த்தவில்லை. வேட்புமனு நாளுக்கு முதல் வாரம் ஒப்பந்தம் பேசுவதெல்லாம் சரிவராது. கூட்டு, தேர்தல் ஆணைக்குழுவில் தன் பெயரில் பதியப்பட வேண்டும். சின்னம் அந்தப் பெயருக்கே சொந்தமாக இருக்க வேண்டும். பட்டியலில் உள்ள 9 இடங்களைப் பங்கிடும்போது கடைசி உள்ளூராட்சித் தேர்தலில் ஒவ்வொரு கட்சியும் எடுத்த வாக்கை அடிப்படையாக வைக்கலாம். அதில் கிளிநொச்சிக்கு ஒதுக்கியது குறையக் கூடாது, யாழ். தேர்தல் மாவட்டத்தில் அதுவும் அடக்கம். தேசியப் பட்டியல் ஆசனம் கிடைத்தால் யாருக்கு, எத்தனை வருடம், இடையில் விலகி அடுத்தவருக்கு விடுவதா என்பதைப் பெயர் போட்டு எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். இவற்றுக்கு வீடு சம்மதிக்காவிட்டால், சங்கும் சைக்கிளும் மானும் எங்களைப் போன்றவர்களும் சேர்ந்தாவது ஒரு பட்டியல் போட வேண்டும். சங்கும் சைக்கிளும் மட்டும் 2024இல் எடுத்தது 50,499. ஓர் ஆசனத்தின் விலையைவிட இரண்டாயிரத்துச் சொச்சம் கூட.