எங்கள் ஏஜென்சியில் ஈஆர்பிநெக்ஸ்ட்: இரண்டரை ஆண்டுப் பயன்பாடு

மதுரையில் சோப், ஷாம்பு, பிஸ்கட், மசாலா என்று அன்றாடச் சரக்கு விநியோகிக்கும் ஏஜென்சி ஒன்றில் கணக்கும் நிர்வாகமும் என் பொறுப்பு. நகருக்குள் ஆறு லைன் (சரக்குக் கொண்டுபோகும் வழித்தடம்), வெளியே மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று நான்கு லைன். மொத்தம் ஏறக்குறைய 1,100 கடைகள். 2023 ஜூலை 3 முதல் எங்கள் பில், ஸ்டாக், பாக்கி எல்லாம் ஈஆர்பிநெக்ஸ்ட் மென்பொருளில்தான் ஓடுகின்றன. அது எங்களுடைய இரண்டாவது முயற்சி. முதல் முயற்சி மூன்றே வாரத்தில் நின்றுபோனது. இரண்டு முறையும் மென்பொருள் ஒன்றுதான், திட்டம் போட்ட விதம்தான் வேறு. இப்படி ஒரு மாற்றத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் ஏஜென்சிக்காரர்களுக்கு உதவும் என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

அதற்கு முன் கணக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருந்தது. பில் போடத் தனியாக ஒரு பழைய மென்பொருள். குடோனில் நோட்டு. ஒரே பில்லை இரண்டு இடத்தில் ஏற்றுவோம், மாதக் கடைசியில் மூன்றும் மூன்று கணக்குச் சொல்லும். ஈஆர்பிநெக்ஸ்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய திறந்த மூல மென்பொருள் அது, அதாவது அதன் நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆளுக்கு இவ்வளவு என்று உரிமக் கட்டணம் கிடையாது. எங்களிடம் 14 பேர் உள்ளே வர வேண்டியிருந்ததால் அது பெரிய விஷயம். ஜிஎஸ்டி வேலைகளுக்கு 'இந்தியா கம்ப்ளையன்ஸ்' என்ற துணைச் செயலியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அதுவும் திறந்த மூலம்தான். ஆனால் உரிமம் இலவசம் என்பதால் செலவே இல்லை என்று நினைக்க வேண்டாம். சர்வர் வாடகை உண்டு, அமைத்துத் தருபவருக்குக் கூலி உண்டு. எல்லாவற்றையும்விட நம் ஆட்களின் நேரம் நிறையப் போகும்.

முதல் முறை 2023 ஜனவரியில் தொடங்கி, ஏப்ரல் 1 அன்று மாறுவதாகத் திட்டம். புது நிதியாண்டு, ஆரம்ப இருப்பு ஏற்றச் சுலபம் என்று அமைத்துத் தந்தவர்களும் சொன்னார்கள், நானும் ஒப்புக்கொண்டேன். இரண்டு மாதம் லெட்ஜர்கள், கணக்குத் தலைப்புகள், அறிக்கைகள் என்றே போனது. சரக்குப் பட்டியலைப் பழைய மென்பொருளிலிருந்து அப்படியே எடுத்து ஏற்றினார்கள். குடோன் பக்கம் யாரும் போகவில்லை. விநியோகத்தில் இருப்பவர்களுக்கு மார்ச் மாதம் என்னவென்று தெரியும். டார்கெட் முடிக்கக் கம்பெனிகள் சரக்கைத் தள்ளிக்கொண்டே இருக்கும், நடைபாதையில்கூடப் பெட்டி அடுக்கியிருக்கும். அந்த நிலையில் எண்ணவே முடியாது. பழைய மென்பொருள் காட்டிய இருப்பையே ஆரம்ப இருப்பாகப் போட்டோம்.

ஏப்ரல் முதல் வாரமே கோளாறு தெரிந்தது. ரேக்கில் சரக்கு இருக்கும், கணினி இல்லை என்று சொல்லி பில்லை நிறுத்தும். வண்டி ஏற்ற வேண்டிய நேரத்தில் நிறுத்தினால் என்ன செய்வது? இருப்பு இல்லாவிட்டாலும் பில் போகட்டும் என்று அமைப்பைத் தளர்த்தினோம். அதன் பிறகு ஸ்டாக் எண்ணுக்கு அர்த்தமே இல்லாமல் போனது. ஏப்ரல் மூன்றாம் வாரம் பழைய முறைக்குத் திரும்பி, இடையில் போட்ட பில்களை எல்லாம் மறுபடி ஏற்றினோம்.

எங்கே பிசகியது என்பதை எனக்குக் காட்டியவர் குடோன் பொறுப்பாளர். எல்லோருக்கும் அவர் பெரியண்ணன். அந்த மூன்று வாரமும் தன் நோட்டை அவர் மூடவே இல்லை. கேட்டேன். "தம்பி, இந்த ஷாம்பு பெட்டியில எத்தனை சரம்னு உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?" என்றார். தெரியவில்லை. கடைக்காரர் சரத்தில் (தொடராக ஒட்டியிருக்கும் சிறு பாக்கெட்டுகள்) வாங்குகிறார், கம்பெனி பெட்டியில் அனுப்புகிறது, எங்கள் பட்டியலில் அலகு பாக்கெட் என்று இருந்தது. அதோடு பெட்டிக்கு 60 சரம் வந்துகொண்டிருந்தது பிப்ரவரியில் 48 ஆகியிருந்தது. நோட்டில் அது இருந்தது. வேறெங்கும் இல்லை.

மே மாதம் அறிவிப்பு வந்தது: ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் (பில்லை அரசின் தளத்தில் பதிந்து எண் வாங்குவது) கட்டாயம். பழைய பில்லிங் மென்பொருளில் அதற்கு வழியில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டு, மறுபடி செய்வோம், இந்த முறை பெரியண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொள் என்றார்.

இந்த முறை சரக்குப் பட்டியலை குடோனில் உட்கார்ந்து புதிதாக எழுதினோம். ரேக் ரேக்காகப் போய் ஒவ்வொரு சரக்கையும் கையில் எடுத்து, என்ன அலகில் வருகிறது, என்ன அலகில் போகிறது, எம்ஆர்பி எவ்வளவு, ஹெச்எஸ்என் குறியீடு (ஜிஎஸ்டிக்கான சரக்கு வகை எண்) என்ன என்று பார்த்தோம். ஐந்து வாரம் பிடித்தது. எம்ஆர்பிதான் பெரிய தலைவலி. ஒரே சோப் 38 ரூபாயிலும் இருக்கும், விலை ஏறி 40 ரூபாயிலும் இருக்கும். இரண்டையும் ஒரே பெயரில் வைத்தால் 38 ரூபாய்ச் சரக்குக்கு 40 ரூபாய்க் கணக்கில் பில் போகும், கடைக்காரர் திருப்பி அனுப்புவார். எம்ஆர்பிக்கு ஒரு குறியீடு என்று பிரித்தோம். 1,840 சரக்கு 2,600 ஆனது. பார்க்க அலுப்பாக இருக்கும், ஆனால் அதன் பிறகு விலைத் தகராறு அநேகமாக இல்லை. பெட்டி அளவு மாறினாலும் இப்போது புதுக் குறியீடுதான்.

ஜூனில் வாடிப்பட்டி லைனை மட்டும் இரண்டு வாரம் பழையதிலும் புதியதிலும் சேர்த்து ஓட்டினோம். ஜூலை 2, ஞாயிற்றுக்கிழமை, குடோனை மூடி முழுவதும் எண்ணினோம். அடுத்த நாள் தொடக்கம். இ-இன்வாய்ஸுக்கு நான்கு வாரம் இடைவெளி கிடைத்தது, அது மிகவும் உதவியது. எங்கள் கடைகளில் சுமார் 400 பேரிடம்தான் ஜிஎஸ்டி எண் உண்டு. இ-இன்வாய்ஸ் அவர்களுக்கு மட்டும். அந்த எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க அந்த நான்கு வாரமும் தேவைப்பட்டது.

பழகச் சிரமப்பட்டது ஒரு விஷயத்தில். டேலியில் ஒரு வவுச்சரைத் திறந்து திருத்திவிட்டுப் போய்விடலாம். இதில் பில்லைச் சமர்ப்பித்துவிட்டால் தொகையையோ எண்ணிக்கையையோ தொட முடியாது. ரத்து செய்து திருத்தப் பிரதி போட வேண்டும். முதல் இரண்டு மாதம் பில் போடும் தங்கைகள் என்னிடம் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அப்படியே இருப்பதால் பாக்கித் தகராறுகள் ஐந்து நிமிடத்தில் தீர்கின்றன. கடன் வரம்பைத் தாண்டினால் பில் நிற்பதும் அப்படித்தான். சேல்ஸ்மேன்களுக்குப் பிடிக்கவில்லை, முதலாளிக்கு ரொம்பப் பிடித்தது. அப்புறம், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருடன் போராட வேண்டாம். ஏ5 லேசருக்கு மாறிவிடுங்கள்.

உண்மையான சோதனை 2025 செப்டம்பரில் வந்தது. 22ஆம் தேதி முதல் குளியல் சோப், ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய், பிஸ்கட் எல்லாம் ஜிஎஸ்டியில் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. சலவைத் தூள் 18லேயே நின்றது. 3ஆம் தேதி அறிவிப்பு, தீபாவளிச் சரக்கு ஏறும் நேரம். ஈஆர்பிநெக்ஸ்டில் ஒவ்வொரு சரக்குக்கும் புது வரியை 'இந்தத் தேதி முதல்' என்று முன்கூட்டியே போட்டு வைக்கலாம். ஹெச்எஸ்என் வாரியாகப் பிரித்து இரண்டு நாளில் ஏற்றிவிட்டோம். கையில் இருந்த பழைய விலைச் சரக்குக்கு வித்தியாசம் கேட்க, 21ஆம் தேதி இரவு எந்த எம்ஆர்பியில் எத்தனை என்று கம்பெனிகளுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஞாயிறும் எண்ணினோம். பெரியண்ணன் எண்ணியதற்கும் கணினிக்கும் வித்தியாசம் பதினொரு சரக்கில்தான். திங்கள் காலை எட்டரைக்கு முதல் வண்டி புது வரியில் கிளம்பியது.

இன்னும் சரியாகாதவை இரண்டு. உசிலம்பட்டிப் பக்கச் சில ஊர்களில் சிக்னல் இல்லை. சேல்ஸ்மேன்கள் தாளில் எழுதி வந்து மாலையில்தான் ஏற்றுகிறார்கள். இன்னொன்று கிளைம். பத்துக்கு ஒன்று இலவசம் போன்ற ஸ்கீம்களை மென்பொருள் பில்லில் தானாகச் சேர்த்துவிடுகிறது, அது அருமை. ஆனால் அதைக் கம்பெனியிடம் திரும்பக் கேட்பதற்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு படிவம். டேமேஜ், எக்ஸ்பைரி கிளைமும் அதே கதை. இன்றுவரை எக்செலில்தான் செய்கிறோம். இந்த ஆண்டு அதற்கு அறிக்கை எழுதச் சொல்லியிருக்கிறோம். வேலையைப் பெரியண்ணனின் டேமேஜ் ரேக்கிலிருந்து தொடங்குவதாக முடிவு செய்திருக்கிறோம்.