நீலமூடி ரோஷ்போர் 10: ஆறு வருடம் கிடந்ததும் போன மாதம் வந்ததும்

வெயிலுக்குள் திரிந்துவிட்டு வந்து, ஐஸ் குளிரில் ஒரே மடக்கில் இறக்க பியர் தேடுகிறீர்கள் என்றால் இது உங்களுக்குச் சரிவராது. ரோஷ்போர் 10 பெல்ஜியத்தின் தென்பக்கத்தில் ஒரு கத்தோலிக்கத் துறவிமடத்துக்குள் காய்ச்சுகிற கடும் கபில நிற ‘ஏல்’ வகைப் பியர். மதுசாரம் 11.3 சதவீதம். பெயரில் இருக்கும் 10 மதுசார அளவு இல்லை, நொதிக்கவிட முன்னர் சாறு எவ்வளவு கனதி என்று அங்கே முந்திப் பார்த்த அளவுக் கணக்கு. 6க்கு சிவப்பு மூடி, 8க்குப் பச்சை, 10க்கு நீலம்.

2019 மார்கழியில் பெல்ஜியத்தில் இருக்கிற மச்சான் மூன்று போத்தல் கொண்டுவந்தான். இரண்டை அன்றிரவே முடித்தோம், அதுவும் ஐஸ்பெட்டிக்குள் வைத்து, கை விறைக்கிற குளிரில். எனக்குப் பிடிக்கவில்லை. இருமல் பாணி போல ஓர் இனிப்பு, அதற்குப் பின்னால் சாராயச் சூடு, இதற்கா இவ்வளவு கதை என்று இருந்தது. மூன்றாவது போத்தல் பிரிட்ஜில் மரக்கறிப் பெட்டிக்குப் பின்னால் போய், பழைய ஊறுகாய்ப் போத்தல்களோடு போத்தலாக நின்றுவிட்டது. இந்தமுறை அவன் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது இன்னும் இரண்டு கொண்டுவந்தான். கொடி ஏறினால் எங்கள் வீட்டில் 25 நாளும் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கிடையாது, உந்தச் சாமானைப் பற்றிக் கதைக்கவே ஏலாது. திருவிழா முடிந்து வருகிற வைரவர் மடையும் முடியட்டும் என்று இருந்து, பிறகுதான் பழையதையும் புதியதில் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தோம். பழையதில் அடித்திருந்த திகதி 2024இலேயே முடிந்திருந்தது.

உரிய கிளாஸ் வாய் அகன்று, கீழே காலோடு இருக்கும். எங்களிடம் ஏது? ஐஸ்கிரீம் போட்டுக் கொடுக்கிற கண்ணாடிக் கிண்ணம் கிட்டத்தட்ட அதே வடிவம், அதுவே போதும். பிரிட்ஜில் இருந்து எடுத்து இருபது நிமிடம் மேசையில் விட்டோம். அவன் சொன்னான், “உது தண்ணி மாதிரி மடக்கு மடக்கெண்டு குடிக்கிற சாமான் இல்லையடா, 12, 14 பாகைக்கு வந்தாத்தான் மணமே வரும்.” அவன் சொன்னது சரி. 2019இல் நாங்கள் விட்ட பிழையே அந்தக் குளிர்தான்.

முதலில் புதியது. மூடியைக் கிளப்பியதுமே சுர்ரென்று வாயு, ஊற்றினால் பால்தேநீர் நிறத்தில் தடித்த நுரை. வாழைப்பழம், மிளகு, கொஞ்சம் சொக்லேட். நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் சூடும் இனிப்பும் தனித்தனியாக நிற்கின்றன. ஒரு மிடறு விழுங்கியதும் காது மடல் சுடுகிறது.

பழையதை ஊற்றும்போது கையை அசைக்காமல், அடியில் இருக்கிற மண்டியைப் போத்தலிலேயே விட்டு, மெல்லச் சரித்தேன். நுரை குறைவு, ஆனால் வாயு இன்னும் இருந்தது. கிண்ணத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனதும் எனக்கு வந்தது நத்தாருக்கு அடிக்கிற ரிச் கேக் மணம், பிராண்டியில் ஊறிய பிளம்ஸ். அடுக்களையில் நின்ற அம்மா எட்டிப் பார்த்து, “என்னடா, பனங்கட்டி உருக்கிறியளோ?” என்று கேட்டார். அம்மாவின் மூக்கு பிழைக்கவில்லை. இதற்குள் கருங்கற்கண்டு போடுகிறார்கள், பீற்றுக்கிழங்குச் சீனியில் செய்தது. கூடவே ஒரு சிட்டிகை கொத்தமல்லியும் உண்டு. நாங்கள் தடிமனுக்கு அவிக்கிறதைத்தான் அவர்கள் பியரில் போடுகிறார்கள்.

வாயில் வைத்தால், ஆறு வருடத்துக்கு முன் தொண்டையைச் சுட்ட அந்தச் சாராயம் எங்கே போனது என்றே தெரியவில்லை. கசப்பும் ஒடுங்கிவிட்டது. அத்திப்பழம், கருகிய சீனி, விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் மெல்லிய புளிப்பு, ஏறக்குறைய நல்ல போர்ட் வைன். கிண்ணம் சூடாகச் சூடாக ருசி மாறிக்கொண்டே போனது, ஒரு கிண்ணத்துக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தேன். காலையில் இறக்கிய கள்ளு பின்னேரத்துக்குள் புளித்துப்போகிற ஊரில் பிறந்த எனக்கு, ஒரு பானத்தை வருடக்கணக்கில் வைத்துக் குடிக்கலாம் என்பதே புதுக் கதை. கள்ளுத் தவறணையில், பனையோலையில் மடித்த பிளாவைப் பிடித்துக்கொண்டு ‘நாளைக்குக் குடிப்போம்’ என்று சொல்லிப் பாருங்கள்! இது தாங்குவதற்குக் காரணம் அந்த 11.3 சதவீதமும், போத்தலுக்குள் உயிரோடு விடப்படுகிற ஈஸ்ட்டும்.

குறை இல்லாமல் இல்லை. கடைசி மிடறுகளில் சோயா சோஸ் போல ஓர் உப்புக்கரிப்பு, அதோடு நனைந்த மட்டைப்பெட்டி மணம் லேசாக. 2022இல் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் போன நாட்களில் பிரிட்ஜும் அலுமாரியும் ஒன்றுதான், பங்குனி வெக்கையில் அந்தப் போத்தலும் எங்களோடு சேர்ந்து வெந்திருக்கும். நிலவறைக் குளிரில் ஐந்து வருடம் நிற்கிறதும் இங்கே நிற்கிறதும் ஒன்றாகாது. யாழ்ப்பாணத்தில் வைத்துப் பழசாக்குவதென்றால் இரண்டு வருடத்தோடு நிறுத்துவேன். நிமிர்த்தி வையுங்கள், படுக்க வைத்தால் மண்டி பக்கவாட்டில் ஒட்டி, ஊற்றும்போது எல்லாம் கலங்கும்.

பைட்ஸுக்கு முதலில் மிக்சர் வைத்தோம், உறைப்பும் மதுசாரமும் சேர்ந்து வாயே எரிந்தது. பிறகு அம்மாவின் டின்னில் இருந்த பாணிப்பனாட்டில், அதுதான் பனம்பழக் களியைக் காயவைத்துப் பாணியில் ஊறப்போட்டது, ஒரு துண்டு கடித்தேன். அட! இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் போல.

ஒரு எச்சரிக்கை. 33 சென்டிலீற்றர்தானே என்று நினைக்காதீர்கள், அந்தச் சின்னப் போத்தலுக்குள் இருக்கிற மதுசாரம் கால் போத்தல் சாராயத்தில் அரைவாசிக்கு மேல் வரும். எங்கள் லயன் ஸ்டவுட்டே 8.8 சதவீதம், அதைக் கடுமை என்கிறவர்கள் இதைத் தனியாக முடிக்க வேண்டாம், இரண்டு பேருக்கு ஒன்று அளவு.

இன்னொரு விஷயம் மச்சான் சொல்லித்தான் தெரியும். அந்த மடம் பியருக்கு எடுக்கிற ஊற்றுத் தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு சுண்ணக்கல் அகழ்விடம். அதை இன்னும் ஆழமாகத் தோண்டப் போகிறார்கள் என்றதும் துறவிகள் நீதிமன்றம் போய், 2021இல் வென்றார்கள். காங்கேசன்துறையில் கல் கிண்டிய பள்ளங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அங்கே போத்தல் மூன்று யூரோவுக்குள் வாங்கினானாம். இங்கே கடைகளில் நான் கண்டதில்லை, ஆகவே வருகிற சொந்தக்காரரிடம் சொக்லேட்டுக்குப் பதிலாக இதைச் சொல்லுங்கள். பத்துக்கு, புதியதற்கு ஏழு, பழையதற்கு எட்டரை, அந்த மட்டைப்பெட்டி மணம் இல்லையென்றால் ஒன்பதரை போட்டிருப்பேன். மிச்சம் இருக்கிற ஒன்றின் மூடியில் மாக்கரால் திகதி எழுதி, ஊறுகாய்ப் போத்தல்களுக்கு முன்னால், கண்ணில் படுகிற மாதிரி வைத்திருக்கிறேன். மறுபடி கரண்ட் வெட்டத் தொடங்கினால் அன்றைக்கே திறந்துவிடுவேன்.