கல்யாண ஆல்பத்துக்கு எந்தக் கருவி? கலரிமீட்டர், ஸ்பெக்ட்ரோ, விலையுயர்ந்த திரை: ஓர் ஒப்பீட்டு அலசல்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற டவுன்களில் ஸ்டூடியோ நடத்துபவர்கள் எல்லோரும் கேட்டிருக்கும் புகார் இது: “அண்ணே, கம்ப்யூட்டர்ல பார்த்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு? ஆல்பத்துல பொண்ணு முகம் இப்படிக் கறுத்துப் போச்சே!” உடனே பழி ஈப்போவில் இருக்கும் பிரிண்ட் லேப் மேல் விழும். லேப்பை மாற்றிப் பார்ப்போம். புகார் மட்டும் மாறாது.

பெரும்பாலும் கோளாறு நம் மேசைமேல் இருக்கும் திரையில்தான். சாதாரண மானிட்டர் பெட்டியிலிருந்து வெளியே வரும்போதே 250, 300 நிட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தில் எரிகிறது. வீட்டு வெளிச்சத்தில் புரட்டிப் பார்க்கும் ஆல்பத்துக்கு ஈடாக வேண்டுமானால் அது 80 முதல் 120 நிட்டுக்குள் இருக்க வேண்டும். கண்ணைக் கூசவைக்கும் திரையில் படத்தைத் திருத்துகிறவர், தெரியாமலேயே படத்தை இருட்டாக்குகிறார். அந்த இருட்டில் முதலில் காணாமல் போவது எது? கன்னத்தின் கீழ் நிழல், கூந்தலின் இழை, அரக்குப் பட்டின் மடிப்பு. நம்மில் பலருடைய முகநிறம் இருக்கும் பகுதியும் அதுதான். அதனால்தான் இந்தத் தவறு நம் ஆட்களுக்கு அதிகமாக வலிக்கிறது. திரை நீலம் பாய்ந்திருந்தால் இன்னொரு கூத்து: படத்தில் மஞ்சளும் சிவப்பும் ஏற்றிவிடுவோம், ஆல்பத்தில் மாப்பிள்ளை நலங்கு வைத்த கோலத்தில் நிற்பார். பிறகு சிலர் எல்லா முகத்தையும் வெளுத்துவிடுவதை வழக்கமாக்கிக்கொள்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. ஒரு பெண்ணின் மாநிறம் மாநிறமாகவே, அழகாக அச்சில் வர வேண்டும். அதற்குத் திரை உண்மை பேச வேண்டும்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றிரண்டு திரை வைத்துக்கொண்டு கல்யாணம், காதுகுத்து, திருவிழா பேனர் என்று ஓடும் கடைக்கு நல்ல கலரிமீட்டர் (திரையில் ஒட்டி வைத்து நிறத்தை அளக்கும் சின்னக் கருவி) ஒன்றும் இலவச மென்பொருளும் போதும். ஆனால் உங்கள் திரையின் பின்விளக்கு எந்த வகை என்று அந்தக் கருவிக்குச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். அதைச் செய்யாவிட்டால், எவ்வளவு வெள்ளி கொட்டி வாங்கினாலும் பலன் பாதிதான்.

காசில்லாத வழிகள்

விண்டோஸிலேயே கண்ணால் பார்த்துச் சரிசெய்யும் வசதி இருக்கிறது. கறுப்புக்கு அருகில் உள்ள படிகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பார்க்க அது உதவும். வெள்ளையைச் சரிசெய்ய உதவாது. கண் சில நிமிடங்களிலேயே எந்த வெள்ளைக்கும் பழகிவிடும். நீலம் பாய்ந்த திரையும் கொஞ்ச நேரத்தில் பால் வெள்ளையாகத் தெரியும். கண் நன்றாக வேலை செய்வதன் அடையாளம் அது, ஆனால் அளக்கும் வேலைக்கு ஆகாது.

அதே மாடலுக்கு யாரோ உருவாக்கிய ஐசிசி ப்ரொஃபைலை (ஒரு திரை நிறத்தை எப்படிக் காட்டுகிறது என்று கணினிக்குச் சொல்லும் கோப்பு) இறக்கிப் போடுவது இன்னொரு வழக்கம். ஒரே மாடல், ஒரே பெட்டி என்றாலும் ஒவ்வொரு திரையும் கொஞ்சம் வேறுபடும். வயதாக ஆக இன்னும் விலகும். இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஆலையிலேயே அளந்து, பெட்டிக்குள் டெல்டா ஈ எண்களோடு ஒரு தாளும் வைத்து வரும் மானிட்டர்கள் இவற்றைவிட எவ்வளவோ மேல். (டெல்டா ஈ என்பது வர வேண்டிய நிறத்துக்கும் வந்த நிறத்துக்கும் உள்ள இடைவெளி, 2-க்குக் கீழே இருந்தால் சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது கஷ்டம்.) அவற்றில் எஸ்ஆர்ஜிபி மோடு (இணையப் படங்களுக்கான பொது நிறத் தரம்) போட்டு, வெளிச்சத்தைக் குறைத்து வைத்தாலே வாட்ஸ்அப்புக்கும் ஃபேஸ்புக்குக்கும் போகும் படங்களுக்குப் போதும். ஆனால் அந்தத் தாள் ஆலையில் அளந்த நாளின் கணக்கு. வெளிச்சத்தை எவ்வளவு குறைத்தால் 100 நிட் வரும் என்று அது சொல்லாது. சில மாடல்களில் எஸ்ஆர்ஜிபி மோடில் வெளிச்சப் பொத்தானே பூட்டிக்கொள்ளும்.

கலரிமீட்டரா, ஸ்பெக்ட்ரோவா?

உண்மையான போட்டி இங்கேதான்.

கலரிமீட்டருக்குள் அடிப்படையில் மூன்று நிற வடிகட்டிகள் இருக்கின்றன. மனிதக் கண் நிறத்தை உணரும் விதத்தை 1931-இல் சிஐஇ என்ற சர்வதேச ஒளியியல் அமைப்பு எண்களாக வகுத்தது. அந்த எண்களைப் போலவே ஒளியைப் பிரிக்க இந்த வடிகட்டிகள் முயல்கின்றன. முழுசாக முடிவதில்லை, கொஞ்சம் பிசகும். அந்தப் பிசகு எவ்வளவு என்பது எதிரில் இருக்கும் விளக்கைப் பொறுத்தது. சாதாரண வெள்ளை எல்இடி திரையில் நீல எல்இடியும் மஞ்சள் பாஸ்பரும் சேர்ந்து வெள்ளையைத் தருகின்றன. அகன்ற நிறவெளி உள்ள, அதாவது அதிக நிறங்களைக் காட்டக்கூடிய, புதிய திரைகள் பலவற்றில் சிவப்பு மட்டும் ஊசி ஊசியாக, 630 நானோமீட்டர் பக்கம் குத்திட்டு நிற்கும். குவாண்டம் டாட் வேறு மாதிரி, ஓலெட் வேறு மாதிரி. பார்வைக்கு எல்லாமே ஒரே வெள்ளை. வடிகட்டிக்கு அப்படியில்லை. அதனால்தான் மென்பொருளில் ‘திரை வகை’ அல்லது ‘கரெக்‌ஷன்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை அவசரத்தில் தாண்டிப் போகாதீர்கள்.

தவறான வகையைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? திரை லேசாகப் பச்சையோ ஊதாவோ பாய்ந்திருக்கும். வேலை முடிந்ததும் மென்பொருள் சோதித்துப் பார்த்து “டெல்டா ஈ 0.5, அருமை” என்று அறிக்கை தரும். தரத்தான் செய்யும். தப்பான படிக்கல்லை வைத்து நிறுத்த அரிசியை அதே கல்லை வைத்து மறுபடி நிறுத்தால் எடை சரியாகத்தானே இருக்கும்? அளந்த கருவியே சோதிக்கும்போது, திரை அந்தக் கருவி சொன்னபடி நடக்கிறதா என்பது மட்டும்தான் தெரியும். கருவி சொன்னது உண்மையா என்பது தெரியாது. அறிக்கையைப் பிரேம் போட்டு மாட்டுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

ஸ்பெக்ட்ரோ என்று சுருக்கமாகச் சொல்லும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இந்தச் சிக்கலில் மாட்டாது. அது ஒளியை வானவில் மாதிரி விரித்து, 380-லிருந்து 730 நானோமீட்டர் வரை துண்டு துண்டாக அளக்கிறது. எந்த விளக்கானாலும் அதற்குக் கவலையில்லை. காகிதத்தையும் அளக்கும் என்பது பெரிய வரம்: சொந்த பிரிண்டர் வைத்திருக்கிறவர்கள் ஒவ்வொரு காகிதத்துக்கும் ப்ரொஃபைல் செய்துகொள்ளலாம்.

ஆனால் இருட்டில் அதற்குக் கை நடுங்கும். கறுப்புக்கு அருகில் இருக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் பல துண்டுகளாகப் பிரித்துவிடுவதால், ஒவ்வொரு துண்டிலும் மிஞ்சுவது ஒன்றுமில்லை. வேகமும் குறைவு, அவ்வப்போது வெள்ளை ஓட்டின் மேல் வைத்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளவும் வேண்டும். நம்முடைய தலைவலியே இருண்ட பாதியில்தான் என்று மேலே சொன்னேன். அந்த இடத்தில் கலரிமீட்டர் தெளிவாக ஜெயிக்கிறது. ஐ1 ப்ரோ போன்ற ஸ்பெக்ட்ரோக்கள் 10 நானோமீட்டர் இடைவெளியில் அளப்பதால், அந்த ஊசிச் சிவப்பும் கொஞ்சம் மழுங்கித்தான் பதியும். ஆர்கில் சிஎம்எஸ் என்ற இலவச மென்பொருளில் அதையே 3.3 நானோமீட்டர் வரை நுணுக்கலாம். விலையோ, கலரிமீட்டரைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு. உயர்ந்த மாடல் என்றால் ஐந்தாறு மடங்கு.

ஆகவே திரைக்கு மட்டும் என்றால் கலரிமீட்டர். பிரிண்டரும் உண்டு என்றால் ஸ்பெக்ட்ரோவைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் எல்லாவற்றையும்விட நல்ல வழி ஒன்று இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே ஒரு சாயங்காலம் யாரிடமாவது ஸ்பெக்ட்ரோவை இரவல் வாங்குங்கள். அதே திரையை அதனாலும் உங்கள் கலரிமீட்டராலும் அளந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை டிஸ்பிளேகால் என்ற இலவச மென்பொருள் ஒரு திருத்தக் கோப்பாக எழுதித் தரும். அதன்பிறகு உங்கள் கலரிமீட்டர் அந்தத் திரையில் ஸ்பெக்ட்ரோவின் நிறத் துல்லியத்தோடும் தன்னுடைய இருட்டுத் திறமையோடும் அளக்கும். பக்கத்துப் பக்கத்து டவுன் ஸ்டூடியோக்காரர்கள் சேர்ந்து ஒரு ஸ்பெக்ட்ரோ வாங்கி வைத்தால் எல்லோருக்கும் பயன்படும். கோப்பை மட்டும் மாற்றிக்கொள்ளாதீர்கள். அந்தக் கருவி, அந்தத் திரை, அந்த ஜோடிக்கு மட்டுமே அது செல்லும்.

காலிபிரைட்டா, ஸ்பைடரா?

எக்ஸ்-ரைட் விற்றுவந்த ஐ1 டிஸ்பிளே ப்ரோ வழிவந்த கருவிகளை 2021-இலிருந்து காலிபிரைட் என்ற பெயரில் விற்கிறார்கள். டேட்டாகலரின் ஸ்பைடர் வரிசை எதிரணி. என் ஓட்டு காலிபிரைட்டுக்கு. காரணம் ஒன்றுதான்: ஐ1 டிஸ்பிளே ப்ரோ வழிக் கருவி தன் வடிகட்டிகள் எப்படி நடந்துகொள்ளும் என்ற விவரத்தைத் தனக்குள்ளேயே பதித்து வைத்திருக்கிறது. அதனால் திரை விளக்கின் நிறமாலைக் கோப்பு கிடைத்தால் போதும், புதிய வகைத் திரைக்கும் திருத்தம் போட்டுக்கொள்ளலாம். ஸ்பைடர்எக்ஸ் அதன் மென்பொருளில் தரும் பட்டியலிலிருந்து விளக்கு வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. வேகத்தில் ஸ்பைடர்எக்ஸ் குறைந்ததல்ல. சாதாரண எல்இடி திரை மட்டும் வைத்திருப்பவருக்கு அது நன்றாகவே உழைக்கும்.

மென்பொருள்

கருவியோடு வரும் மென்பொருள் சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடும். ஆர்கில் சிஎம்எஸ்ஸின் மேல் இயங்கும் டிஸ்பிளேகாலுக்குப் பொறுமை வேண்டும், சில அமைப்புகளில் மணிக்கணக்கில் ஓடும். மூல ஆசிரியர் 2019-க்குப் பின் புதிய பதிப்பு விடவில்லை. பைத்தான் 3 என்ற நிரல்மொழிக்கு மாற்றி வேறு சிலர் தொடர்கிறார்கள். இருந்தாலும் என் தேர்வு அதுதான், ஏனென்றால் என்ன நடக்கிறது என்பதை மறைக்காமல் காட்டுகிறது.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். திரையை அரை மணி நேரம் சூடேற விட்டாயிற்று, திரையை மஞ்சளாக்கும் விண்டோஸின் நைட் லைட்டை அணைத்தாயிற்று. கருவியின் கம்பியில் இருக்கும் எடையைத் திரையின் முதுகுப்பக்கம் தொங்கவிட்டு, கருவி கண்ணாடியில் ஒட்டி நிற்கும்படி திரையைக் கொஞ்சம் பின்னால் சாய்க்கிறோம். மென்பொருளில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பட்டைகள். நீலம் மட்டும் எகிறி நிற்கிறது. திரையின் மெனுவுக்குள் போய் நீலத்தை 100-இலிருந்து மெதுவாக இறக்குகிறோம். பட்டை ஒவ்வொரு அழுத்தத்துக்கும் இறங்கி வருகிறது. மூன்றும் நடுக்கோட்டில் சேர்ந்தால் வெள்ளை டி65-க்கு, அதாவது பகல் வெளிச்சத்தின் தர வெள்ளைக்கு, வந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் வெளிச்சம், 100 நிட். பிறகுதான் மென்பொருளின் அளவீட்டை ஓட்ட வேண்டும், காமா 2.2-க்கு (கறுப்பிலிருந்து வெள்ளை வரை வெளிச்சம் ஏறும் விதத்துக்கான எண்). இந்த வரிசை முக்கியம். வெள்ளையைத் திரையின் பொத்தான்களால் சரிசெய்யாமல் முழு வேலையையும் கிராபிக்ஸ் கார்டின் தலையில் கட்டினால், இருக்கிற 256 படிகளில் பல வீணாகி, சாயங்கால வானம் பட்டை பட்டையாக உடையும்.

இந்தச் சிரமமே வேண்டாம் என்பவர்களுக்குத்தான் ஏய்சோ கலர்எட்ஜ், பென்க்யூ எஸ்டபிள்யூ போன்ற திரைகள். திருத்தம் திரைக்குள்ளேயே எழுதப்படுகிறது, எந்தக் கணினியில் செருகினாலும் கூடவே வரும். கலர்எட்ஜ் சிஜி மாடல்களில் அளக்கும் கருவியே உள்ளே இருக்கிறது. அருமையான பொருள்தான். ஆனால் கையில் கலரிமீட்டரே இல்லாத கடைக்கு அது முதல் செலவாக இருக்கக் கூடாது. ஆல்பம் வேலை பெருகிய பிறகு வாங்கலாம்.

மடிக்கணினியையும் மானிட்டரையும் பக்கத்தில் வைத்து அளந்தவர்கள், இரண்டிலும் எண் ஒன்றாக இருந்தும் வெள்ளை வேறாகத் தெரிகிறதே என்பார்கள். ஒன்று ஓலெட் என்றால் நிச்சயம் சொல்வார்கள். 1931 எண்களே ரைட், கில்ட் என்ற இருவர் செய்த சோதனைகளில் 17 பேருடைய கண்களைக் கொண்டு வந்த சராசரி. உங்கள் கண் அந்தச் சராசரி அல்ல. விளக்குகள் வேறாகும்போது அந்த வித்தியாசம் வெளியே வருகிறது. ஒரு திரையை மூத்ததாக வைத்துக்கொண்டு, மற்றதன் வெள்ளையைக் கண்ணால் அதற்கு இணையாக்குங்கள். நிறத்தை முடிவு செய்வது மூத்ததில் மட்டும்.

நம் ஊர் நிலைமைக்கு இரண்டு விஷயம். கடை லாட்டின் முன்பக்கக் கண்ணாடிக்கு எதிரே திரை இருந்தால், மத்தியான வெயிலில் ஒரு படம், நாலு மணி மழை இருட்டில் வேறு படம். திரையைப் பக்கவாட்டில் திருப்பி, பின்சுவரின் பளிச்சென்ற பச்சைக்குச் சாம்பல் பூச வேண்டும். அது ஒரு டின் பெயின்ட் செலவு, பல கருவிகளைவிட அதிகப் பலன். அடுத்தது ஈரம். லென்ஸ் வைக்கும் டிரை கேபினட்டிலேயே கலரிமீட்டரையும் வையுங்கள். பழைய மாடல்களில் ஜெலட்டின் வகை வடிகட்டிகள் இருந்தன, சூட்டிலும் ஈரத்திலும் அவற்றின் நிறமே மாறிவிடும். ஆகவே மலிவாகக் கிடைக்கிறது என்று மிகப் பழைய கருவியை வாங்காதீர்கள். ஐ1 டிஸ்பிளே ப்ரோ காலத்துக்குப் பிந்தையது என்றால் வாங்கலாம், ஆனால் காசு கொடுக்கும் முன், நீங்கள் நம்பும் ஒரு கருவியோடு அதே திரையில் அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.