முயலுக்குச் சீழ்க்கட்டி: கீறி விடுவதா, பையோடு எடுப்பதா?

ஆட்டுக்கோ நாய்க்கோ கட்டி வந்தால் கீறிவிடுவார்கள், சீழ் வடியும், பெரும்பாலும் ஆறிவிடும். முயலிடம் அந்தக் கணக்கு செல்லாது. காட்பாடியில் எங்கள் வீட்டு முயலுக்குத் தாடைக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி, பக்கத்தில் ஒரு டாக்டர் கீறியபோது நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். சீழ் வழியவே இல்லை, பற்பசை மாதிரி கெட்டியாக வெள்ளையாகப் பிதுங்கி நின்றது. மூன்றாவது வாரம் அதே இடத்தில் மறுபடி வீக்கம். முயலின் சீழ் இளகாது, சுற்றிலும் தடித்த பை வேறு. பை உள்ளே இருக்கும்வரை கிருமியும் உள்ளேதான்.

அதனால் கட்டி தோலுக்கடியில் தனியாக, தொட்டால் நகர்கிற மாதிரி இருந்தால் பையோடு மொத்தமாக எடுத்துவிடுவதுதான் நல்லது. மயக்க மருந்தை நினைத்தால் பயம்தான், செலவும் அதிகம், ஆனால் திரும்பத் திரும்பக் கீறி அந்தச் சின்ன உயிரை வதைப்பதற்கு இது எவ்வளவோ மேல். அறுவைக்கு முந்தின இரவு பட்டினி போடச் சொன்னால் மட்டும் ஏன் என்று கேளுங்கள்: மயக்கத்தில் வாந்தி வரும் என்றுதான் பட்டினி, முயலுக்கு வாந்தியே வராது, வயிறு காய்ந்தால் குடல் ஓட்டம் நின்றுவிடும்.

தாடைக் கட்டி வேறு கதை. பெரும்பாலும் பல் வேரில்தான் ஆரம்பம், எக்ஸ்ரே எடுக்காமல் கத்தி வைக்கக் கூடாது. கெட்ட பல்லை எடுத்தபின்னும் பை முழுசாக வராவிட்டால், அதன் ஓரத்தைத் தோலோடு தைத்துத் திறந்தே விட்டு, தினமும் சலைனால் கழுவி உள்ளிருந்து ஆற விடுவார்கள். எங்களுக்கு அதுதான். சென்னைக்கு ரயிலில் கூடையோடு போய்வந்தோம், அப்புறம் அம்மா துண்டில் சுற்றிப் பிடிக்க, நான் சிரிஞ்சால் கழுவ, ஐந்து வாரம்.

வெறும் மருந்து மட்டும் போதுமா? அந்தக் கெட்டிச் சீழுக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது. அறுவைக்குத் துணையாகத்தான் அது. வீட்டில் மீந்த அமாக்சிசிலினை வாயில் ஊற்றிவிடாதீர்கள், குடலில் நல்ல கிருமிகள் செத்து, கழிச்சல் கண்டு முயல் இறந்தே போகலாம். அதே குடும்பத்துப் பெனிசிலினை டாக்டர் தோலுக்கடியில் ஊசியாகப் போடுவது வேறு, அது பலருக்கும் கைகொடுத்திருக்கிறது. எதிர்வீட்டு அக்கா சொன்ன மஞ்சள் வேப்பிலைப் பற்று, பைக்குள் இறங்காது, முயல் நக்கித் தின்றுவிடும்.

கழுவி முடித்ததும் ஒரு பிடி அருகம்புல் நீட்டுவேன். அதைத் தொடாமல் அரை நாள் கிடந்தால் புண் எப்படி இருந்தாலும் சரி, அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.