பழைய சி10 டிரக்கின் சோக்: ஒரிஜினலா, எலெக்ட்ரிக்கா, கேபிளா?

1970களின் முற்பகுதியில் வந்த பல செவ்ரோலெட் சி10 பிக்கப்களில் 350 கன அங்குல வி8 இன்ஜினும், அதன் தலையில் ரோசெஸ்டர் குவாட்ராஜெட் என்ற காற்றில் பெட்ரோலைக் கலக்கும், நான்கு பேரல் (காற்றுக் குழல்) கொண்ட கார்புரேட்டரும் இருக்கும். குளிரில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தாலும் சரி, ஸ்டார்ட் ஆகிக் கரும்புகை கக்கினாலும் சரி, பழி நேராக சோக் மேல் விழும்; குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டித் தரும் தகடு அது. ஒரிஜினலையே பழுது பார்க்கலாம், எலெக்ட்ரிக் சோக் போடலாம், டாஷ்போர்டிலிருந்து கேபிள் இழுக்கலாம். மூன்றில் எதற்குக் காசு எடுப்பதற்கும் முன்னால், தப்பு சோக்கில்தானா என்று பார்த்துவிட வேண்டும்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், இன்ஜினை ஓட்டாமல் ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். சோக் தகட்டை விரலால் விலக்கிப் பிடித்துக்கொண்டு த்ராட்டிலைத் திறந்தால் உள்ளே இரண்டு மெல்லிய கோடுகளாகப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சவில்லையா? பெடலை மிதிக்கும்போது பெட்ரோல் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப்பின் கப் போயிருக்கும், இல்லாவிட்டால் பவுல் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் தொட்டி) காலி. இந்தக் கார்புரேட்டரில் பவுலுக்கு அடியில் இருக்கும் அடைப்புகள் கசிந்து, விடிவதற்குள் பெட்ரோல் இன்டேக் மேனிஃபோல்டில் (கலவை சிலிண்டர்களுக்குப் போகும் குழாய்த் தொகுதி) இறங்கிவிடுவது ஊரறிந்த வியாதி. அதற்கு எபாக்சி வைத்து அடைக்க வேண்டும். சோக்கை மாற்றிப் பயனில்லை.

அடுத்தது வேக்குவம் பிரேக் டயாபிரம். இன்ஜின் பிடித்த மறுகணமே சோக் தகட்டைக் கொஞ்சம் இழுத்துத் திறப்பது இதுதான். ஹோஸைப் பிடுங்கி, தண்டை உள்ளே அழுத்தி, குழாய் வாயை விரலால் மூடுங்கள். தண்டு அப்படியே நின்றால் நல்லது. மெல்ல வெளியே வந்தால் டயாபிரம் கிழிந்திருக்கிறது: வண்டி பிடிக்கும், சில நொடியில் பெட்ரோல் மிஞ்சி அணைந்துவிடும். எலெக்ட்ரிக் சோக் போட்ட பிறகும் அதே தொல்லை தொடர்கிறது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இதைப் பார்க்காமல் விட்டவர்கள். தகடு திறக்க வேண்டிய இடைவெளி கார்புரேட்டர் எண்ணுக்கு எண் மாறும். மேனுவலில் உள்ள அளவுக்கு டிரில் பிட் எடுத்து, தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள்.

இனி ஒப்பீடு. மூன்றுக்கும் உள்ள வித்தியாசமெல்லாம், சோக் எதைப் பார்த்துத் திறக்கிறது என்பதில் இருக்கிறது.

ஒரிஜினல் சோக் இன்ஜின் சூட்டைப் பார்க்கிறது. அதன் சுருள் இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கும். அடியில் எக்ஸாஸ்ட் புகை ஓடும் வழி அதைச் சூடாக்க, ஒரு கம்பி மூலம் தகடு திறக்கும். அரை மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தாலும் மேனிஃபோல்டில் சூடு இருப்பதால் தகடு பெரும்பாலும் திறந்தே நிற்கும். இதில் கெடுவது அந்தப் புகை வழிதான். கரி அடைத்தாலோ, யாராவது அந்த வழியை மூடும் கேஸ்கெட்டைப் போட்டிருந்தாலோ சுருளுக்குச் சூடு எட்டாது. ஐந்து பத்து நிமிடம் ஓடிய பிறகு குழியின் அருகே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்று பொரிந்தால் வழி திறந்திருக்கிறது. அப்படியானால் ஒரிஜினலைக் கழற்றாதீர்கள். இன்னொன்று, குளிர்ந்த இன்ஜினில் பெடலை ஒருமுறை முழுக்க மிதித்து விட்டால்தான் இந்தச் சோக் மூடும். மிதிக்காமல் ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் பேட்டரிதான் இறங்கும்.

எலெக்ட்ரிக் சோக் கிட்டத்தட்ட நேரத்தைத்தான் பார்க்கிறது. மின்சாரம் வந்ததும் சுருள் சூடாகிச் சில நிமிடங்களில் திறந்துவிடும், இன்ஜின் சூடானதோ இல்லையோ. மேனிஃபோல்டு மாற்றிய வண்டி, புகை வழி அடைத்த வண்டி இரண்டுக்கும் இதுவே சரி. வயரிங்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இக்னிஷன் காயிலிலிருந்து எடுக்கவே கூடாது. பாயின்ட் (பழைய தொடுமுனை இக்னிஷன்) வைத்த வண்டியில் அங்கே ரெசிஸ்டன்ஸ் வயர் இருப்பதால் முழு 12 வோல்ட் கிடைக்காது, ஸ்பார்க்கும் பலவீனமாகும். ஃபியூஸ் போட்டு, ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாகக் கொடுங்கள். இன்ஜின் ஓடினால்தான் மின்சாரம் போகும் என்பதால், சாவியை மட்டும் திருப்பி வைத்தால் சோக் வீணாகத் திறக்காது. பிந்தைய மாடல்களில் சோக் மூடி கார்புரேட்டரின் பக்கவாட்டிலேயே இருக்கும். அங்கே எலெக்ட்ரிக் மூடி போடும்போது உள்ளே உள்ள வேக்குவம் துளையை அடைத்துவிட வேண்டும். எர்த் முனை தனியாக இல்லாத மூடிக்கு அடியில் கேஸ்கெட் வைத்தால் எர்த் கிடைக்காமல் சோக் திறக்கவே திறக்காது.

கேபிள் சோக் டிரைவரின் கையைப் பார்க்கிறது. விலை குறைவு, கெடுவதற்கும் அதிகமில்லை. ஒரே ஆள் ஓட்டும் பண்ணை வண்டிக்குப் போதும். வீட்டில் நாலு பேர் எடுக்கும் வண்டிக்கு வேண்டாம். இழுத்த குமிழை உள்ளே தள்ள மறந்தால் மிஞ்சிய பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக்கொண்டு சம்ப்பில் (ஆயில் தொட்டியில்) இறங்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தாலே தெரியும். அதோடு, குவாட்ராஜெட்டில் சோக் முழுக்கத் திறக்காதவரை பின்பக்க இரண்டு பேரலையும் ஒரு லிவர் பூட்டியே வைத்திருக்கும். மேட்டில் வண்டி இழுக்கவில்லை என்று கார்புரேட்டரைப் பிரிப்பதற்கு முன் சோக் குமிழைப் பாருங்கள்.

பொருத்தும்போது, குமிழ் முழுக்க உள்ளே இருக்கையில் தகடு செங்குத்தாக நிற்கிறதா, கேபிளில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தளர்வு இருக்கிறதா, ஃபாஸ்ட் ஐடில் கேம் (குளிரில் இன்ஜின் வேகத்தைக் கூட்டி வைக்கும் துண்டு) கூடவே சுழல்கிறதா என்று உறுதி செய்யுங்கள். விறைப்பான கேபிள் வேக்குவம் பிரேக்கை இழுக்க விடாது. அதனால் இன்ஜின் பிடித்ததும் அந்த வேலையையும் கையே செய்ய வேண்டும்: குமிழைக் கால்வாசி உள்ளே தள்ளிவிட்டு, சத்தம் சீரானதும் மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள்.